குடை கூடையாகாமல் பாட்டால் வாசிக்கப் பழக்குவது

தரம் 1, 2 படிப்பிக்கிறவர்களுக்கு இது. எழுத்தெல்லாம் தெரிந்த பிள்ளைதான், ஆனால் வாசிக்கச் சொன்னால் ‘ம... ழை... வ...’ என்று எழுத்தெழுத்தாக இழுக்கும். சின்னப் பந்தி ஒன்றைத் தடக்கமில்லாமல் வரும்வரை திரும்பத் திரும்ப வாசிக்க வைக்கும் முறையை அமெரிக்க ஆய்வாளர் ஜே சாமுவேல்ஸ் 1979இல் எழுதினார். எங்கள் பிள்ளைகள் ஒரே பந்தியை மூன்றாவது தடவை தொடமாட்டார்கள். ஒரே பாட்டை என்றால் நாள் முழுக்கப் பாடுவார்கள்.

படி 1: நாலு வரி போதும். நான் கட்டியது இது:

மழை வந்தது மாலையிலே
குடை விரிந்தது சாலையிலே
படகு போகுது வாய்க்காலிலே
அம்மம்மா நிற்பது வாசலிலே

பெரிய டிமைத் தாளில் கறுப்பு மார்க்கரால், கடைசி வாங்குக்கும் தெரிகிற அளவில் எழுதுங்கள். சொற்களுக்கு இடையில் தாராளமாக இடம் விடுங்கள். தாளைக் கொழும்புப் புறக்கோட்டை மலிபன் வீதியில் மொத்தமாக வாங்கலாம். யூடியூப் கரோக்கி வேண்டவே வேண்டாம். நிறம் மாறுகிற வேகத்துக்குப் பிள்ளையின் கண் ஓடாது, பின்னால் ஆடுகிற முயலைத்தான் பார்க்கும்.

படி 2: நீங்கள் ஒரு வரி, பிறகு வகுப்பு அதே வரி. அடிமட்டத்தால் சொல்லுக்குக் கீழே காட்டுங்கள்.

படி 3: என் வகுப்பு சிக்கியது இங்கேதான். மெட்டு இழுத்தால் குறில் நெடிலாகிவிடும். ‘கூ...டை விரிந்தது’ என்று எல்லாரும் இழுத்துப் பாட, மறுநாள் ஒரு கொப்பியில் ‘கூடை’ என்றே எழுதியிருந்தது. பக்கத்தில் அழகான ஒரு கூடைப் படம் வேறு!

அதனால் மெட்டுக்கு முன்னம் மேசையில் தட்டுங்கள். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு. இலக்கணம் சொல்லும் மாத்திரைக் கணக்கேதான். ‘மாலையிலே’யில் மா இரண்டு, லை ஒன்று, யி ஒன்று, லே இரண்டு. இழுவை மா, சா, லே மேல் விழுகிற மாதிரி மெட்டை வளையுங்கள். சினிமா மெட்டில் புதுச் சொல் ஏற்றுவது எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம்: அந்த மெட்டு தன் இஷ்டத்துக்கு இழுக்கும். மெய்யெழுத்தின் அரை மாத்திரைப் பக்கம் போகாதீர்கள், ஆறு வயதுக்கு அது வேண்டாத தலையிடி.

படி 4: இப்போது பாட்டு மனப்பாடம். பாதிப் பேர் மின்விசிறியைப் பார்த்தபடி பாடுவார்கள். வரிகளை வெட்டிக் கலந்து ஒட்டுங்கள். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ‘குடை விரிந்தது’ இருந்த இடத்தில் ‘கடை திறந்தது’ என்று மாற்றிவிடுங்கள். பழையபடியே பாடுகிற பிள்ளை இன்னும் வாசிக்கத் தொடங்கவில்லை. சட்டென்று நிறுத்திச் சிரிக்கிற பிள்ளை வாசிக்கிறது.

படி 5: மெட்டை விட்டுவிட்டு, கதைக்கிற வேகத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். பாடினால் மட்டும் ஓடுகிற வாசிப்பு சரளம் ஆகாது. கொழும்பின் காலி வீதி மாதிரிப் பெரிய வீதிப் பக்கத்து வகுப்பறை என்றால் பஸ் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, நாலு நாலு பேராக மேசையடிக்குக் கூப்பிடுங்கள்.

பிறகு சேர்த்தது: ‘மழை’யில் வரும் ‘ழை’ நெடில்தானே, ஏன் ஒரே தட்டு என்று ஒரு ரீச்சர் கேட்டிருந்தார். அது ஐகாரக்குறுக்கம். சொல்லின் நடுவிலும் கடைசியிலும் ஐ ஒரு மாத்திரையாகக் குறையும். முதலில் வந்தால் ஒன்றரை. ஒன்றரைத் தட்டு தட்ட யாராலும் முடியாது, எனவே ‘ஐந்து’, ‘பையன்’ போன்ற சொற்களை முதல் பாட்டில் வைக்காதீர்கள்.