பழைய பீட்டில் காருக்குச் சரியான வீல் போல்ட் கண்டுபிடிப்பது எப்படி?

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் சக்கரத்தைப் பிடித்திருப்பது ஸ்டட்டும் நட்டும் அல்ல, போல்ட். அது நேராக பிரேக் டிரம்மில் வெட்டிய மரையில் ஏறுகிறது. தவறான போல்ட்டை முறுக்கினால் டிரம்மின் மரையும் சேர்ந்து போய்விடும். போல்ட்டை மாற்றுவது எளிது, டிரம்மை மாற்றுவது பெரிய வேலை. அதனால் "பீட்டில் போல்ட் நாலு கொடுங்க" என்று கடையில் கேட்பதற்கு முன், மரையின் விட்டம், பிட்ச் (மரைக்கு மரை உள்ள தூரம்), போல்ட் உட்காரும் இடத்தின் வடிவம், நீளம், வலு ஆகிய ஐந்தையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கையில் வேண்டியவை: வெர்னியர் காலிப்பர், பிட்ச் கேஜ் (பிட்ச்சை ஒப்பிட்டுப் பார்க்கும் பல் தகடுகள்), 19 மி.மீ. சாக்கெட், டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்), கம்பி பிரஷ், மார்க்கர் பேனா, ஜாக்கி, ஆக்சில் ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பிச் சக்கரத்தைக் கழற்றாதீர்கள்.

படி 1: எந்த டிரம் என்று பாருங்கள்

பழைய பீட்டில்களில் ஒரு சக்கரத்துக்கு ஐந்து போல்ட், 205 மி.மீ. வட்டத்தில் (போல்ட் துளைகளின் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம் அது). ஐரோப்பாவில் 1966 ஆகஸ்டில் வந்த 1500 மாடலில் முன்பக்கம் டிஸ்க் பிரேக்கும், 130 மி.மீ. வட்டத்தில் நான்கு போல்ட்டும் வந்தன. அமெரிக்காவுக்குப் போன கார்களில் நான்கு போல்ட் 1968 மாடலில் வந்தது.

ஆர்சி புத்தகத்தில் உள்ள ஆண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐம்பது அறுபது ஆண்டு ஓடிய காரில் டிரம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். துளைகளை அளந்தே பாருங்கள். நான்கு துளை என்றால் எதிரெதிர்த் துளைகளின் மையத்திலிருந்து மையம் வரை அளந்தால் 130 மி.மீ. வர வேண்டும். ஐந்து துளையில் எதிரே துளை இல்லை. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையத் தூரத்தை அளந்து 1.701 ஆல் பெருக்கினால் வட்டத்தின் விட்டம் கிடைக்கும். அளந்த தூரம் 120.5 மி.மீ. என்றால் அது 205 வட்டம். சுமார் 66 மி.மீ. வந்தால் அது 112 வட்டம். 1971 மாடலிலிருந்து ஃபோக்ஸ்வாகன் வேனில் வந்த அளவு அது, பீட்டிலுடையது அல்ல.

படி 2: மரையை அளவிடுங்கள்

கம்பெனி டிரம் என்றால் ஐந்து துளைக்கு எம்12×1.5, நான்கு துளைக்கு எம்14×1.5. முதல் எண் விட்டம், இரண்டாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம். பழைய போல்ட்டைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு மரையின் மேல்விளிம்பில் அளந்தால் 12க்கோ 14க்கோ சற்றுக் குறைவாகக் காட்டும். அது தேய்மானம் அல்ல, புதிய போல்ட்டும் அப்படித்தான். பிட்ச் கேஜ் இல்லையென்றால் பத்து மரை இடைவெளியை வெர்னியரில் அளவிடுங்கள், 15 மி.மீ. வர வேண்டும். 12.5 வந்தால் அது 1.25 பிட்ச், ஃபியட் போன்ற இத்தாலியக் கார்களில் காணப்படுவது. 12.7 வந்தால் அது அங்குல மரை.

இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். 1.25 பிட்ச் போல்ட் 1.5 மரையில் இரண்டு மூன்று சுற்று சிரமமில்லாமல் ஏறும், பிறகு இறுகும். "துரு பிடித்திருக்கிறது" என்று நினைத்து ஸ்பேனரால் தள்ளினால் டிரம் மரை அங்கேயே அறுந்துவிடும். சரியான போல்ட் சுத்தமான துளையில் கடைசிவரை கைவிரலாலேயே ஏற வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. பின்னாளில் பொருத்திய டிஸ்க் பிரேக் கிட்கள் பல, 205 வட்டத்தில் ஐந்து துளை வைத்திருந்தாலும் எம்14 மரையோடு வருகின்றன. ஒரே காரில் முன்னால் எம்14, பின்னால் எம்12 என்று இருக்கும். முன்னும் பின்னும் தனித்தனியாக அளவிடுங்கள்.

படி 3: போல்ட் உட்காரும் இடம்

ஐந்தில் மிக முக்கியமானது இது. கவனிக்காமல் விடப்படுவதும் இதுதான். பீட்டிலின் இரும்புச் சக்கரத்தில் போல்ட் உட்காரும் குழி, பந்தின் ஒரு பகுதியைப் போல வளைந்திருக்கும். அதற்கேற்ப போல்ட்டின் தலைக்குக் கீழும் உருண்டையான வளைவு உண்டு. பிற்காலத்தில் வாங்கிப் போட்ட அலாய் வீல்கள் பலவற்றில் குழி 60 டிகிரி கூம்பு வடிவில் இருக்கும். உருண்டை போல்ட்டைக் கூம்புக் குழியில் போட்டால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே தொடும். முறுக்கும்போது இறுகியது போலத்தான் இருக்கும். ஓடும்போது அந்தக் கோடு நசுங்கி, பிடி தளர்ந்து, போல்ட் தானாகக் கழலத் தொடங்கும்.

கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். போல்ட்டின் உட்காரும் பகுதி முழுக்க மார்க்கரால் பூசி, சக்கரத்தில் பொருத்தி இலேசாக இறுக்கி, கழற்றிப் பாருங்கள். சுற்றிலும் அகலமான பட்டையாக மை தேய்ந்திருந்தால் பொருத்தம் சரி. விளிம்பில் ஒரு கோடாக மட்டும் தேய்ந்திருந்தால் அந்தப் போல்ட் அந்தச் சக்கரத்துக்கு ஆகாது. உருண்டை வளைவிலும் பல ஆரங்கள் உண்டு. வேறு கம்பெனிக் காரின் உருண்டை போல்ட் என்றாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

சக்கரத்துக்குப் புதிதாகப் பவுடர் கோட்டிங் அடித்திருந்தால் இந்தக் குழிகளிலும், டிரம்மைத் தொடும் முகத்திலும் உள்ள தடித்த பூச்சைச் சுரண்டி எடுங்கள். பூச்சு நசுங்கினால் போல்ட் தளரும்.

படி 4: நீளம்

கடைகளில் நீளத்தை இரண்டு விதமாகச் சொல்வார்கள். சிலர் உட்காரும் வளைவையும் சேர்ப்பார்கள், சிலர் அதற்குக் கீழே உள்ள தண்டை மட்டும் சொல்வார்கள். பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மரைக்குள் போகும் நீளம் குறைந்தது போல்ட்டின் விட்டம் அளவுக்காவது இருக்க வேண்டும். 1.5 பிட்ச்சில் எம்12க்கு 8 முழுச் சுற்று, எம்14க்கு 9.5 சுற்று. டிரம் வார்ப்பிரும்பு என்பதால் இது கடைசி எல்லை. கம்பெனிச் சக்கரத்தையும் பழைய போல்ட்டையும் போட்டுச் சுற்றுகளை எண்ணி, புதியதில் அதற்குக் குறையாமல் பார்ப்பதே நல்ல வழி. சக்கரத்துக்கும் டிரம்முக்கும் நடுவே 5 மி.மீ. ஸ்பேசர் (இடைத்தகடு) வைத்தால் போல்ட்டும் 5 மி.மீ. நீளம் கூட வேண்டும்.

நீளம் அதிகமானாலும் ஆபத்து. போல்ட்டின் நுனி டிரம்முக்குள் நீட்டி பிரேக் ஷூவில் மோதும். அதனால் எல்லாப் போல்ட்டையும் இறுக்கியபின், தூக்கி நிறுத்திய சக்கரத்தைக் கையால் முழுச் சுற்று சுற்றுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் விட்டிருக்க, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து. கிட் கிட் என்ற சத்தமோ பிடிப்போ வந்தால் நிறுத்திவிடுங்கள்.

படி 5: வலு

போல்ட்டின் தலையில் அதன் வலுவைக் காட்டும் 8.8 அல்லது 10.9 என்ற எண் பொறித்திருக்க வேண்டும். எண் இல்லாத போல்ட்டை வாங்காதீர்கள். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் வேண்டாம்: கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 வகையின் இழுவலு 700 மெகாபாஸ்கல், 10.9 போல்ட்டுக்கு 1000. மட்டமான குரோம் போல்ட்டில் முலாம் உட்காரும் வளைவிலேயே உரியும்.

படி 6: இறுக்குவது

மரை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கட்டும். எண்ணெய் தடவினால் அதே டார்க்கில் போல்ட் கூடுதலாக இழுபடும். எல்லாவற்றையும் கையால் ஏற்றிவிட்டு, நான்கு போல்ட்டானால் எதிரெதிராக, ஐந்தானால் நட்சத்திரம் வரைவது போல ஒன்றுவிட்டு ஒன்றாக இறுக்குங்கள். சக்கரம் தரையைத் தொட்டபின் டார்க் ரெஞ்ச்: எம்12க்கு 100 நியூட்டன் மீட்டர், எம்14க்கு சுமார் 130. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் சரிபாருங்கள்.

படி 7: ஹப் கேப்

பீட்டிலின் ஹப் கேப்புக்குப் போல்ட் கிடையாது. சக்கரத்தில் ரிவெட் அடித்த கிளிப்கள்தான் பிடிக்கின்றன. கேப் ஆடினால் கிளிப்பை இடுக்கியால் இலேசாக வெளிப்பக்கம் வளையுங்கள், ஒடிந்திருந்தால் புதிதாக ரிவெட் அடிக்க வேண்டும். உயரமான தலையுள்ள போல்ட் வாங்கினால் கேப் உட்காராது, இதையும் வாங்கும்போதே பாருங்கள். கேப்பின் ஒரு ஓரத்தைக் கிளிப்பில் மாட்டி, எதிர் ஓரத்தை உள்ளங்கையால் தட்டினால் போதும், சுத்தியல் வேண்டாம்.

இதற்கு உள்ளே, ஹப்பின் நடுவில் இருக்கும் சின்ன மூடி வேறு, அது கிரீஸ் கேப். இடது முன் சக்கரத்தில் மட்டும் அதன் நடுவே சதுரத் துளை இருக்கும். ஸ்பீடோமீட்டர் கேபிளின் நுனி அதன் வழியாக வந்து ஒரு சின்னப் பின்னில் நிற்கிறது. அந்தப் பின்னை எடுக்காமல் மூடியை இழுத்தால் கேபிளும் சேர்ந்து வரும்.