புராஸ்டேட் புற்றுநோய்: குடும்ப வழி அபாயத்தைக் கண்டறிவது எப்படி?

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய், பரம்பரையின் பங்கு மிகுந்த புற்றுநோய்களுள் ஒன்று. நார்டிக் நாடுகளின் இரட்டையர்களைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியான பெரிய ஆய்வு, இந்நோய்க்கான வாய்ப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் ஏறத்தாழ 57 சதவீதம் மரபு சார்ந்தது என்று மதிப்பிட்டது. தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் வந்திருந்தால் ஒருவரது அபாயம் சுமார் இரண்டு மடங்காகிறது. இருவருக்கும் வந்திருந்தாலோ, இளம் வயதிலேயே வந்திருந்தாலோ, அது இன்னும் கூடும்.

ஆகவே, ஆய்வகத்துக்குப் போகுமுன் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, மூன்று தலைமுறைக்கான நோய் விவரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் நோய் கண்டறியப்பட்டது என்பதே தேவை. இறந்த வயதை மட்டும் குறிப்பது போதாது. 'சித்தி' என்று மட்டும் எழுதாமல், அவர் தாயின் தங்கையா, சித்தப்பாவின் மனைவியா என்பதைத் தெளிவாகக் குறியுங்கள்; இரத்த உறவு மட்டுமே இங்கே கணக்கு. குடும்பத்தில் மாமன் மகளையோ அக்காள் மகளையோ மணந்தவர்கள் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். 'வயிற்றில் கட்டி வந்து போய்ச் சேர்ந்தாள்' என்று பாட்டியைப் பற்றிச் சொல்வார்கள். அது சினைப்பையிலா, கருப்பையிலா, குடலிலா என்று விடாமல் கேளுங்கள், பழைய மருத்துவமனைச் சீட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

ஆண்களுக்கு மட்டுமே வரும் நோய் என்பதால் பலர் தந்தை வழியை மட்டும் விசாரித்து நிறுத்திவிடுகிறார்கள். தாய் வழியை விடுவதுதான் இதில் நேரும் மிகப் பெரிய பிழை என்பேன். உடைந்த டிஎன்ஏவைச் செப்பனிட உதவும் பிஆர்சிஏ2 மரபணு 13ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதில் பழுதுள்ள தாயோ தந்தையோ ஒவ்வொரு பிள்ளைக்கும், மகனாயினும் மகளாயினும், அதைக் கடத்த 50 சதவீத வாய்ப்பு உண்டு. பெண்களிடம் அது மார்பகப் புற்றுநோயாகவோ சினைப்பைப் புற்றுநோயாகவோ வெளிப்படலாம். எதுவுமே வெளிப்படாமல் தாய் வழியாக மகனுக்கு வந்து சேரவும் கூடும். கணையப் புற்றுநோயையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். பிஆர்சிஏ2 பழுது உள்ள ஆண்களுக்கு நோய் இளவயதில் வருவதும் வேகமாகப் பரவுவதும் அதிகம். பிஆர்சிஏ1, ஏடிஎம், செக்2 ஆகிய மரபணுக்களும், குடல், கருப்பைப் புற்றுநோய்களோடு தொடர்புடைய லிஞ்ச் என்னும் பரம்பரை நோய்க்குறியின் மரபணுக்களும் இந்த அபாயப் பட்டியலில் உண்டு.

மரபணுப் பரிசோதனையை, இயன்றவரை, நோயுற்ற உறவினரிடமிருந்து தொடங்குவதே சிறந்தது. அவரிடம் பழுது கண்டுபிடிக்கப்பட்டால், மற்றவர்கள் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். பிற உறுப்புகளுக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோயாளிகளில் சுமார் 12 சதவீதத்தினருக்கு இத்தகைய பிறவிப் பழுது இருந்ததாக 2016இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. எனவே நோய் பரவிய நிலையில் உள்ள எவரும், குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லையென்றாலும், மருத்துவரிடம் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். டிஎன்ஏவைச் செப்பனிடும் மரபணுக்களில் பழுதுள்ள புற்றுநோய்க்குத் தரப்படும் ஒலாபாரிப் போன்ற மருந்து பயன்படுமா என்பதைத் தீர்மானிக்கவும் அப்பரிசோதனையின் முடிவு உதவும்.

பரிசோதனைக்கு முன்னும் பின்னும் மரபணு ஆலோசகரைச் சந்தியுங்கள். 'பொருள் தெளிவாகாத மாற்றம்' என்று அறிக்கை வந்தால், அதை மட்டும் நம்பிச் சிகிச்சையோ அறுவையோ முடிவு செய்யக் கூடாது. 'பழுது இல்லை' என்று வந்தாலும், சிறுசிறு அபாயம் தரும் நூற்றுக்கணக்கான மரபு மாற்றங்கள் அந்தச் சோதனைக்குள் வராததால், குடும்பத்தில் நோய் வரலாறு உள்ளவர் கண்காணிப்பைக் கைவிடலாகாது.

பிஆர்சிஏ2 பழுது உறுதியானால், 40 வயதிலிருந்தே, புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனையைத் தொடங்குவது பற்றிச் சிறுநீர்ப்பாதை மருத்துவரிடம் (யூராலஜிஸ்ட்) பேசுங்கள். அதோடு, அறிக்கையின் நகல் ஒன்றை உடன்பிறந்த அக்கா தங்கையருக்கும், வயது வந்த மகளுக்கும் கொடுத்துவிடுங்கள். அவர்களது மார்பக, சினைப்பைக் கண்காணிப்பைத் திட்டமிட அவர்களுடைய மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.