மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் உதவிப் பணி: சிறு விமானத்துக்கும் விடுதி அறைக்கும் ஆயத்தமாவது எப்படி

மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பரப்பு 6 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். தார்ச்சாலைகளோ மிகக் குறைவு. வடகிழக்கு மூலையிலுள்ள பிராவோ நகரத்துக்கு மழைக்காலத்தில் மாதக்கணக்கில் தரைவழியே இருக்காது. பாதுகாப்புச் சிக்கலும் சேர்ந்துகொள்வதால், தலைநகர் பாங்கியிலிருந்து பிரியா, செமியோ, ஓபோ போன்ற ஊர்களுக்குப் போகும் உதவிப் பணியாளர் பெரும்பாலும் உலக உணவுத் திட்டம் நடத்தும் ஐ.நா. மனிதாபிமான விமானச் சேவையையே நம்பியிருக்க வேண்டும். முதன்முறை போகிறவருக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: குறித்த நாளில் விமானம் வரும், உங்கள் பெட்டியும் உடன் வரும் என்ற இரண்டு எண்ணங்களையும் விட்டுவிட்டுப் பயணத்துக்கு ஆயத்தமாகுங்கள்.

புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் இதைப் போடுகிறார்கள். சான்றிதழ் இப்போது ஆயுள் முழுவதும் செல்லும். அந்நாட்டிலிருந்து திரும்பும்போது இந்திய விமான நிலையத்திலும் அதைக் கேட்பார்கள். காட்ட முடியாதவரை 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம் என்பதால், அதைக் கடவுச்சீட்டுடனேயே வைத்திருங்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுத் தேர்ந்தெடுங்கள்; குளோரோகுயின் அங்கே பயன் தராது.

பயணப்பொதிக்கு வழக்கமான வரம்பு 20 கிலோ. ஹெலிகாப்டர் என்றால் அதைவிடக் குறைவு. சிறு விமானத்தின் சரக்கு அறையில் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி சரியாக அடங்காது, துணிப்பையே நல்லது. என் முதல் பயணத்தில் தடுப்பூசிக் குளிர்பெட்டிகளுக்கு இடம் வேண்டியிருந்ததால் என் பையை இறக்கிவிட்டார்கள். அது நியாயமான முடிவுதான். ஆனால் மலேரியா மாத்திரை முழுவதும் அந்தப் பைக்குள் இருந்தது, பை வந்து சேர நான்கு நாட்கள் ஆயின. அன்றிலிருந்து மருந்து, தலைவிளக்கு, ஒரு மாற்றுடை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி, பவர் பேங்க், உருண்டை முனைச் செருகிக்கான அடாப்டர், செலவுக்கு மத்திய ஆப்பிரிக்க பிராங்க் ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்கிறேன்.

பன்னிரண்டு பேருக்கு மேல் ஏறாத செஸ்னா கேரவன் போன்ற விமானங்களில் கழிப்பறை கிடையாது, காற்றழுத்தக் கட்டுப்பாடும் கிடையாது. கடுமையான சளி இருந்தால் காது வலி தாங்க முடியாததாகிவிடும். பயணத்தைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். வெயில் ஏற ஏறத் தரையிலிருந்து சூடான காற்று எழும்பிப் பிற்பகலில் இடிமேகங்கள் திரள்வதால், காலை விமானம் கிடைக்குமானால் அதையே பதிவு செய்யுங்கள். குமட்டல் வருகிறவர்கள் ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொண்டு, இறக்கைக்கு அருகில் உட்கார்ந்து, தொலைவிலுள்ள அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது உதவும். செம்மண் ஓடுபாதையில் இறங்குவதற்கு முன் விமானி தாழப் பறந்து ஒரு முறை கடந்து போனால் பதற வேண்டாம். ஆடுமாடுகள் விலகிவிட்டனவா, மழைநீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார். விமான நிலையத்தையும் படைவீரர்களையும் எக்காரணம் கொண்டும் படமெடுக்காதீர்கள்.

விடுதிக்குப் போனதும், ஜெனரேட்டர் எத்தனை மணிக்கு நிற்கும், ஊரடங்கு எப்போது தொடங்கும், அபாயம் என்றால் எந்த அறையில் கூட வேண்டும் என்ற மூன்றையும் காவலாளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிரெஞ்சு சரியாக வராவிட்டாலும், சாங்கோ மொழியில் நன்றி சொல்லும் 'சிங்கிலா' என்ற ஒரு சொல் பேச்சை இலகுவாக்கும். பகல் வெளிச்சம் இருக்கும்போதே கொசுவலையை விரித்து ஓட்டைகளைத் தேடுங்கள். ஊசி நூலால் நான்கு தையல் போட்டால் போதும். பிறகு வலையின் விளிம்பை மெத்தைக்கடியில் சுற்றிலும் செருகிவிடுங்கள். பல் துலக்கவும் வடிகட்டிய நீரே வேண்டும்.

துணி விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். டும்பு ஈ என்றொரு ஈ, வெளியே காயும் ஈரத்துணியில் முட்டையிடும். அந்தத் துணியை உடுத்தினால் புழு தோலுக்குள் நுழைந்து கொப்புளமாக வீங்கும். அதனால்தான் அங்கே சலவை செய்யும் பெண்கள் உள்ளாடை, காலுறைகூட விடாமல் கரி இஸ்திரிப்பெட்டியால் தேய்த்துத் தருகிறார்கள். நீங்களே துவைத்தால் இடுப்புப்பட்டி, தையல் மடிப்பு, அக்குள் பகுதி ஆகியவற்றை உள்ளும் புறமும் தொட முடியாத சூடு ஏறும்வரை தேயுங்கள். இஸ்திரி கிடைக்காத இடத்தில், கொசுவலை அடித்த அறைக்குள் துணியைக் காயப்போடுங்கள்.

பாங்கிக்குத் திரும்பும் விமானத்தை முந்தின நாள் மீண்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். பாங்கியிலிருந்து சொந்த ஊருக்குப் பறக்கும் விமானத்துக்கும் அதற்கும் இடையே இரண்டு நாளாவது விடுங்கள். வீடு வந்த பிறகும் மருந்துக்கேற்ப ஒரு வாரமோ நான்கு வாரமோ தடுப்பு மாத்திரையைத் தொடர வேண்டும். அதற்குப் பின்னும் சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லி, அன்றே மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.