சுருட்டை முடிக்கு முதல் முறை மருதாணி

மருதாணியில் உள்ள லாசோன் என்ற நிறமி முடியில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், லேசில் போகாது. சுருளும் சற்றுத் தளரலாம். அதனால் சீப்பில் உதிர்ந்த முடியைச் சேர்த்து வைத்து, அதில் முதலில் பூசிப் பாருங்கள்.

பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். இலைப்பொடி மட்டுமே இருக்க வேண்டும். 'கறுப்பு ஹென்னா'வில் பெரும்பாலும் பிபிடி என்ற ரசாயனச் சாயம் இருக்கும், தோல் கொப்பளிக்கலாம். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி குறைவாக இருப்பது) உள்ளவர்கள் மருதாணியைத் தொடவே வேண்டாம்.

தோள்வரை முடிக்கு 100 கிராம் பொடி, கூடவே 25 கிராம் நெல்லிப்பொடி. நெல்லி சேர்ப்பது சுருள் தளராமல் இருக்கத்தான். வெதுவெதுப்பான நீரில் கெட்டித் தயிர் பதத்துக்குக் குழைத்து மூடி வையுங்கள். சென்னை வெயிலில் நாலைந்து மணி நேரத்தில் சாயம் இறங்கிவிடும். ராத்திரி முழுக்க வெளியே வைத்தால் வீரியம் குறையும். எலுமிச்சைச் சாறு வேண்டாம், சுருட்டை முடியை இன்னும் வறளவைக்கும்.

எண்ணெய்ப் பிசுக்கில்லாத ஈர முடியில், கையுறை போட்டு, பகுதி பகுதியாக அப்புங்கள். உடனே ஷவர் கேப் போடுங்கள். ஃபேன் காற்றில் விழுது காய்ந்தால் நிறம் பிடிக்காது, அலசும்போது முடியும் அறுந்துபோகும். முதல் முறைக்கு 2 மணி நேரம் போதும்.

அலசுவதுதான் சிரமமான வேலை. தலையை வாளித் தண்ணீரில் முக்கி விழுதை ஊறவிட்டு, கண்டிஷனரை தாராளமாகப் போட்டு விரலால் மட்டும் கோதுங்கள். சீப்பு, ஷாம்பு இரண்டும் 2 நாள் கழித்து. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்காவது கேன் தண்ணீர் எடுங்கள்.

நரை முதலில் பளீரென்று ஆரஞ்சாகத் தெரியும். 2, 3 நாளில் அடர்ந்துவிடும்.