குதிரையேற்றப் பூட்ஸுக்கு நாடா கட்டும் முறை

குதிரையேற்றப் பூட்ஸுக்கு நாடா கட்டும்போது, கணுக்கால் தடையின்றி மடங்க வேண்டும் என்பதையே முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஏனெனில் சவாரியின்போது முன்பாதம் அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும் கால்மிதி வளையத்தில்) ஊன்றியிருக்க, குதிகால் சற்றே தாழ்ந்திருக்கும்.

நாடாவின் இரு முனைகளையும் கீழ்வரிசைத் துளைகளில் உள்ளிருந்து வெளியே இழுத்து, நீளத்தைச் சமப்படுத்திய பின், ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் படியுமாறு மேல்நோக்கிக் கோத்துச் செல்லுங்கள். புறங்காலின் மேல் நாடா இறுக்கமாக இருக்க வேண்டும்; அங்கே தளர்ந்தால் பாதம் உள்ளே நழுவும். கணுக்கால் மடிப்பை எட்டியதும் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்திவிட்டு, எழுந்து நின்று, குதிகாலைத் தரையில் ஊன்றியபடியே முழங்காலை முன்னோக்கி மடக்கிப் பாருங்கள்; நாடா அழுத்துவதாகத் தோன்றினால் அந்த வரிசையை மட்டும் மீண்டும் தளர்த்துங்கள். அவசரத்திலும் இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

முழங்கால் வரை உயர்ந்த பூட்ஸில் நாடா இருந்தால், பெரும்பாலும் கணுக்காலருகே மட்டுமே இருக்கும்; பின்புறம் ஜிப் உள்ளவற்றில் ஒருமுறை சரியாகக் கட்டிவிட்டால் தினமும் அவிழ்க்கத் தேவையில்லை.

முடிச்சில் அலட்சியம் கூடவே கூடாது. இரட்டை முடிச்சிட்டு, வளையங்களையும் முனைகளையும் நாடா வரிசைகளுக்கு அடியில் செருகிவிடுங்கள். தொங்கும் நாடா அங்கவடியில் சிக்கினால், கீழே விழும் வேளையில் பாதம் விடுபடாமல் குதிரை உங்களை இழுத்துச் செல்லக்கூடும்.