ஊருக்குப் போனால் சவரத்துக்குத் தண்ணீரைத் தனியாக எடுத்து வையுங்கள்

ஊருக்குப் போன மூன்றாம் நாளே கன்னம் எரிய ஆரம்பித்துவிட்டது. பிளேடு மழுங்கிவிட்டது என்று நினைத்துப் புதிதாக மாற்றினேன். அதுவும் முடியைப் பிடித்து இழுத்தது. ஐந்தாம் நாள் கழுத்து முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். "உனக்கு இப்ப நம்ம தண்ணி ஒத்துக்கல" என்றார் அண்ணன். அந்த "நம்ம"வில் நான் சேர்த்தியா இல்லையா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

உப்புத் தண்ணீர் என்கிறோமே, அது நாக்கில் கரிக்கும் உப்பல்ல. நிலத்தடி நீரில் கரைந்து வரும் கால்சியமும் மக்னீசியமும்தான். கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை இருந்தால் மென்னீர், 180ஐத் தாண்டினால் மிகக் கடினமான நீர். சோப்பு இவற்றோடு சேர்ந்ததும் நுரைக்காமல் கரையாத வெள்ளைக் கசடாகிவிடும். நுரை போதவில்லை என்று நாம் இன்னும் தேய்க்க, கசடும் கூடி முகத்தில் ஒட்டிக்கொள்ளும். பிளேடு வழுக்கிப் போக வேண்டிய இடத்தில் உரசிப் போகிறது. கழுவியும் போகாத மிச்சம் தோலை உலர்த்துகிறது.

கன்னம் எரிந்ததோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். வீட்டுப் பத்திரத்தில் என் கையெழுத்து வேண்டும் என்று அண்ணன் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "அடுத்த தடவை வரும்போது" என்று நானும் மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டேன். இந்த முறை பத்திரப் பதிவு அலுவலகத்தில் காலை பத்து மணிக்கே போய் உட்கார்ந்தோம். எங்கள் முறை வந்தபோது மணி இரண்டு. கைரேகைக் கருவியில் பெருவிரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. "துடைச்சிட்டு வைங்க சார்." துடைத்தேன். சிவப்பு. ஆள்காட்டி விரல், மறு கை, திரும்பவும் பெருவிரல். ஒரு வாரம் அந்தத் தண்ணீரில் குளித்து, அதிலேயே கை கழுவி, விரல் நுனியெல்லாம் வெள்ளையாகச் செதில் கட்டியிருந்தது. உலர்ந்த விரலின் வரிகள் கண்ணாடியில் சரியாகப் பதியாது. அந்த அலுவலருக்கு அதெல்லாம் தெரிந்த மாதிரி இல்லை, என்னை மோசடிக்காரனைப் போலப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். "நாளைக்கு வாங்க" என்றார். மறுநாள் வந்தோம். அன்றும் நாளைக்குத்தான். மூன்றாம் நாள், உள்ளே போவதற்குக் கால் மணி நேரம் முன்பு அண்ணன் எங்கிருந்தோ கொஞ்சம் வாஸ்லின் வாங்கிவந்து விரலில் தேய்த்து, தோல் இளகியதும் மேலே இருந்த பிசுக்கைத் துணியால் ஒற்றி எடுத்தார். பச்சை விளக்கு எரிந்தது. அவருடைய விரலுக்கும் அதே வைத்தியம்தான். "எனக்கு எப்பவுமே இப்படித்தான் பண்ணணும்" என்றார், சாதாரணமாக.

ஆகவே, கைரேகை வைக்கும் வேலை இருந்தால் இறங்கிய நாளிலிருந்தே இரவில் கைக்கு வாஸ்லின் போடுங்கள். இது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்.

சவரத்துக்கு வருவோம். தண்ணீர் எப்படி என்று பார்க்க, ஒரு பாட்டிலில் பாதி பிடித்துச் சாதாரண சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் பாலாகக் கலங்கினால் கடின நீர். காய்ச்சினால் பாதி சிக்கல்தான் தீரும்: பைகார்பனேட்டால் வரும் கடினம் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும், சல்பேட்டால் வருவது அப்படியே இருக்கும். ஆர்.ஓ. தண்ணீர் ஒரு சொம்பு போதும், முகம் நனைக்க, நுரைக்க, கடைசியாகக் கழுவ. குளித்த பிறகு சவரம் செய்யுங்கள், முடி ஊறியிருக்கும். சோப்புக்குப் பதில், முகத்துக்கென்றே விற்கும் சோப்பில்லாத கட்டியோ (சிண்டெட் பார்) ஜெல்லோ என்றால் கசடு கட்டாது. முகம் ஈரமாக இருக்கும்போதே கிரீம் தடவிவிட வேண்டும், உலர்ந்த பிறகு தடவி அவ்வளவாகப் பயனில்லை. பிளேடை உதறி உலர வையுங்கள், இல்லாவிட்டால் உப்புப் படியும்.

எல்லாவற்றையும்விட நல்லது மழைத் தண்ணீர். கிளம்புவதற்கு முந்தின இரவு மழை பெய்தது. காலையில் குளியலறை வாசலில் ஒரு வாளி மூடி வைத்திருந்தது. அண்ணன் குழாயடியில் நின்று வழக்கமான தண்ணீரில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். "அது உனக்கு" என்றார், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.