துண்டு துண்டாக வந்த ஜிப்: சிடிஎஃப் புதிரில் வரிசை கண்டுபிடிப்பது எப்படி?

சிடிஎஃப் (ஒளித்து வைத்த 'கொடியை'க் கண்டுபிடிக்கும் கணினிப் பாதுகாப்புப் புதிர்) போட்டிகளில், கோப்புகளில் தடயம் தேடும் பாரன்சிக்ஸ் பிரிவில் ஒரு ஜிப்பைப் பத்துப் பன்னிரண்டாக வெட்டிக் கொடுப்பார்கள். லினக்ஸ் டெர்மினல் பழக்கம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

முதலில், எந்த வகை வெட்டு என்று பாருங்கள். பெயர்கள் 001, 002 என்று முடிந்தால் பெரும்பாலும் வெறும் பைட் வெட்டுதான். கேட் கட்டளையில் வரிசையாகச் சேர்த்தால் போதும். இசட்01, இசட்02 என்று வந்து கடைசித் துண்டு மட்டும் ஜிப் என்று முடிந்தால், ஜிப் கட்டளைக்கு மைனஸ் எஸ் 0 கொடுத்து ஒன்றாக்குங்கள். ரார் துண்டுகளை மட்டும் கேட்டில் ஒட்டாதீர்கள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் தனித் தலைப்பு (ஹெடர்) உண்டு. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து முதல் துண்டை அன்ராரில் திறந்தால், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

நான் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்ட இடம் வரிசை. பார்ட்1 முதல் பார்ட்12 வரை இருந்தன. நட்சத்திரக்குறி போட்டு கேட் ஓட்டினேன். ஷெல் அதை எண்ணாகப் பார்க்காது, எழுத்தாகத்தான் பார்க்கும்: 1, 10, 11, 12, பிறகுதான் 2. கடைசியில் இருக்க வேண்டிய முடிவுக் குறியைக் காணோம் என்றது அன்ஜிப். கோப்பே கெட்டுவிட்டது என்று நினைத்து ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்எஸ் கட்டளைக்குச் சின்ன 'வி' கொடுத்து, அந்த வரிசையில் சேர்த்ததும் திறந்தது.

பெயர்களையே கலைத்துவிட்டால்? கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் எக்ஸ்எக்ஸ்டி கட்டளையில் ஒவ்வொரு துண்டையும் பாருங்கள். 'பிகே' என்ற இரண்டு எழுத்தும் அடுத்து 3, 4 என்ற பைட்டுகளும் தொடக்கத்திலேயே இருந்தால் அது தலைத்துண்டு. கடைசி 22 பைட்டில் 'பிகே', 5, 6 இருந்தால் வால்துண்டு. அளவிலும் அதுதான் பொதுவாகச் சிறியது.

நடுத்துண்டுகளுக்கு ஜிப்பின் மைய அட்டவணை உதவும். பெரும்பாலும் அது வால்துண்டிலேயே இருக்கும். உள்ளே உள்ள ஒவ்வொரு கோப்பும் எந்த பைட்டில் தொடங்குகிறது என்று அதில் எழுதியிருக்கும். ஒரு கோப்பு 250000-இல் தொடங்குகிறது, துண்டின் அளவு 102400 என்றால், வகுத்தால் ஈவு 2, மீதி 45200. எந்தத் துண்டில் 45200-ஆவது இடத்தில் 'பிகே', 3, 4 இருக்கிறதோ அதுவே மூன்றாவது. அட்டவணையில் எண்கள் சிறிய பைட் முதலில் வரும்படி இருக்கும், திருப்பிப் படியுங்கள். தலைப்பே இல்லாத துண்டுகள் நாலைந்து மிஞ்சினால் பைத்தானில் எல்லா வரிசையையும் ஓட்டிப் பாருங்கள். ஐந்துக்கு 120 வரிசைதான். எது சரி என்று செவன்-ஜிப்பின் சோதனைக் கட்டளை சிஆர்சியை (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) ஒப்பிட்டுச் சொல்லிவிடும். கோப்புக்குள் ஒளிந்திருக்கும் கோப்புகளைத் தேடும் பின்வாக் கருவியை முதலில் ஓட்டாதீர்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு தலைப்பையும் தனித்தனியாகக் காட்டிக் குழப்பும்.

பின்சேர்க்கை: விண்டோஸ் காப்பி கட்டளையில் கூட்டல் குறி போட்டுச் சேர்த்தபோது கோப்பு சிறுத்துவிட்டது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அப்படிச் சேர்க்கும்போது அது துண்டுகளை உரையாக நினைத்து, 26 என்ற பைட் வந்ததும் அந்தத் துண்டை அத்தோடு நிறுத்திவிடும். காப்பிக்குப் பக்கத்திலேயே சாய்கோடு பி போடுங்கள்.